சொல்லில்லாத ஒப்பாரி

எல்ல நிலையத்தை விட்டுப் புறப்படும் பதுளைப் புகையிரதம், தேயிலைச் சரிவுகளின் இடையே மெல்ல ஊர்ந்து, ஒன்பது வளைவுப் பாலத்தின் மேலேறித் தெமோதரையை நோக்கிச் செல்கிறது. 1921ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அப்பாலத்தைக் காண்பதற்கு இன்று உலகின் பல திசைகளினின்றும் மக்கள் வருகின்றனர். ஆனால் நாம் சொல்லவந்தது பாலத்தின் கதையன்று. அப்பகுதித் தோட்டமொன்றிலே, மழைக்காலத்து மாலை ஒன்றில், நாம் கேட்ட ஓர் இசையின் கதை.

நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று அங்கே லயத்து வீட்டில் வாழ்கிறது. மூடுபனி இறங்கி வாசலை மறைத்துவிட்ட வேளை. வீட்டுப் பெரியவர் இஸ்தோப்பில் போர்வையுடன் அமர்ந்திருந்தார். நாமும் அருகில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். உள்ளே, பதுளையில் உயர்தர வகுப்பில் பயிலும் பேரன், தன் கைத்தொலைபேசியில் ஏதோ இசையை ஓடவிட்டான். கித்தார்கள் இரும்பை இரும்பால் இழைப்பது போல முழங்கின, பேரிகைகள் இடித்தன.

“டேய் தம்பி, அந்தத் தகர டப்பாவை நிறுத்துடா! வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க” என்றார் பெரியவர்.

பையன் ஒலியைத் தணித்துவிட்டு வெளியே வந்தான். முகத்தில் கோபமில்லை, ஆனால் ஏதோ ஒரு வருத்தம் இருந்தது. “தகர டப்பா இல்ல தாத்தா. இது செத்துப்போன கூட்டாளி ஒருத்தனுக்காக அவங்க வாசிச்சது. பாட்டே இல்ல, வாசிப்பு மட்டுந்தான்” என்றான்.

பெரியவர் சற்று நேரம் அவனையே பார்த்தார். பின்னர், “அப்படியா? செத்தவனுக்கா? சரி, முதல்ல இருந்து போடு” என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் பின்னர்க் கூறுவோம். அதற்குமுன், அந்தப் பையன் விரும்பிக் கேட்ட இசை யாது, அது எவ்வாறு பிறந்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும்.

ஆலையிற் பிறந்த இசை

‘ஹெவி மெட்டல்’ எனப்படும் இவ்விசை, செல்வர் மாளிகைகளிற் பிறந்ததன்று. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரம் உருக்காலைகளும் பட்டறைகளும் நிறைந்த தொழிலாளர் நகரம். அங்கே டோனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞர் தகட்டு உலோக ஆலையொன்றில் வேலை செய்தார். வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கையின் இரு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆகவே தந்திகளை அழுத்தும் கை அதுவே. கித்தார் வாசிப்பு முடிந்ததென்றே யாவரும் எண்ணினர். அவரோ பிளாஸ்டிக் போத்தலொன்றை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் தந்திகளைத் தளர்த்தியும் இசைத்தார். ஒலி தாழ்ந்து கனத்தது. ‘பிளாக் சபாத்’ என்ற அவரது குழு 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் இசைத்தட்டே இவ்வகை இசைக்கு அடிகோலியதென்பர்.

ஆலை இயந்திரத்தின் இரைச்சலும், அதனிடம் அடிபட்ட தொழிலாளியின் பிடிவாதமும் இவ்விசையின் பிறப்பிலேயே கலந்திருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையின் உருளைகள் இரவெல்லாம் உறுமக் கேட்டு வளர்ந்த மலையகப் பிள்ளை ஒருவனுக்கு அது அந்நியமாகத் தோன்றாததில் வியப்பென்ன?

அண்ணனுக்காக எடுத்த வாத்தியம்

பேர்மிங்ஹாமிற் பிறந்த அவ்விசை கடல் கடந்து அமெரிக்காவை அடைந்தது. 1981ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், லார்ஸ் உல்ரிக் என்னும் இரு இளைஞர் ‘மெட்டாலிக்கா’ என்றொரு குழுவைத் தொடங்கினர். அடுத்த ஆண்டின் இறுதியில் அவர்களுடன் வந்து சேர்ந்தவரே கிளிஃப் பேர்ட்டன். தம் ஊர்ப்பக்கத்தை விட்டுத் தாம் வரமாட்டார் என்று அவர் சொல்லிவிட்டமையால், குழு முழுவதுமே லொஸ் ஏஞ்சல்ஸை விட்டு சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஒருவனைப் பெறுவதற்காக மற்றவர்கள் ஊரையே மாற்றினார்கள் என்றால், அவருடைய திறமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

கிளிஃப் 1962ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆந் தேதி கலிபோர்னியாவிற் பிறந்தவர். சிறுவயதிற் பியானோ பயின்றார். அவருக்குப் பதின்மூன்று வயதாயிருந்தபோது, 1975ஆம் ஆண்டில், அண்ணன் ஸ்கொட் மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவினால் திடீரென மறைந்தார். அதன் பின்னரே கிளிஃப் பாஸ் கித்தாரைத் தீவிரமாகக் கற்கத் தொடங்கினார். அண்ணனுக்காகத் தாம் சிறந்த வாத்தியக்காரனாக வேண்டுமென்று அவர் உறுதி பூண்டதாகத் தாயார் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நாளொன்றுக்குப் பல மணி நேரம் சாதகம் செய்தார். ஜெர்மானிய இசைமேதை பாக்கின் ஆக்கங்களில் அவருக்குப் பெரும் பற்றிருந்தது.

பாஸ் கித்தார் என்பது நான்கு தடித்த தந்திகளையுடைய, தாழ்ந்த ஒலிக்குரிய வாத்தியம். மற்றக் கித்தார்கள் விளக்கொளியில் ஆடும் நடிகர்கள் என்றால், இது மேடையைத் தாங்கும் தூண். இருக்கும்போது யாரும் கவனியார். எடுத்துவிட்டால் யாவும் சரிந்துவிடும். கிளிஃப் அத்தூணையே பேசவைத்தார். குழுவின் 1983ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டில் பாஸ் கித்தாரை முதன்மையாக வைத்து ஒரு பகுதியையே வாசித்தார். 1986ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாவது தட்டில் ‘ஓரியன்’ என்னும் பாடலில்லா இசை ஒன்று உண்டு; அதிலே அவருடைய கைவண்ணம் தனித்து ஒளிர்கிறது.

சுவீடன் நாட்டுச் சாலையிலே

அவ்வாண்டின் செப்டெம்பர் மாதம் குழுவினர் ஐரோப்பாவிற் பயணம் செய்துகொண்டிருந்தனர். 26ஆந் தேதி இரவு சுவீடன் தலைநகர் ஸ்டொக்ஹோமிற் கச்சேரி. அது முடிந்ததும் டென்மார்க்கை நோக்கிப் பஸ்ஸில் புறப்பட்டனர். பஸ்ஸிலே உறங்குவதற்கு அடுக்குப் படுக்கைகள். நல்ல படுக்கை எவருக்கு என்பதில் விளையாட்டாகச் சீட்டெடுத்தார்கள். கிளிஃபுக்கு வந்தது ஸ்பேட் ஆஸ். மற்றொரு கித்தார் கலைஞரான கேர்க் ஹாமெட்டின் படுக்கையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

27ஆந் தேதி விடியலில், லுங்பி என்னும் ஊர்ப்பகுதியில், பஸ் சாலையினின்றும் வழுக்கிச் சென்று கவிழ்ந்தது. மற்றவர்கள் உயிர் தப்பினார்கள். ஜன்னல்வழி வெளியே எறியப்பட்ட கிளிஃப் பஸ்ஸின் அடியில் அகப்பட்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. ஒரு சீட்டு வேறாக வந்திருந்தால் யாருடைய வீட்டில் அழுகுரல் கேட்டிருக்கும் என்ற வினா, எஞ்சியவர்களின் நெஞ்சை எத்துணை ஆண்டுகள் அரித்திருக்கும்!

அவருடைய இறுதி நிகழ்ச்சியில் ‘ஓரியன்’ இசைக்கப்பட்டது. அடுத்த மாதமே ஜேசன் நியூஸ்டெட் என்பவர் அவ்விடத்துக்கு அமர்த்தப்பட்டார். குழு நடந்தது. ஆயினும் வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து வந்த மறுமொழி

1988ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த நான்காவது இசைத்தட்டில், ஏறத்தாழப் பத்து நிமிடம் நீளும் ஓர் இசை இடம்பெற்றது. ‘டு லிவ் இஸ் டு டை’ என்பது அதன் பெயர். வாழ்தல் என்பதே மரித்தல் எனப் பொருள்படும். கிளிஃப் விட்டுச்சென்ற இசைத்துணுக்குகளை நண்பர்கள் ஒன்றுகூட்டி அதனைக் கட்டினார்கள். ஆக்கியோர் பெயர்களில், மறைந்தவரின் பெயரும் உயிரோடிருப்போர் பெயர்களுடன் அச்சிடப்பட்டது.

தொடக்கத்தில் மின்னொலி சேராத கித்தார் தூரத்திலிருந்து வருவதுபோல் மெல்ல எழுகிறது. பின்னர் கனத்த அடி. விரைவில்லாத, காலை இழுத்து நடக்கும் அடி. சவத்தைச் சுமப்பவர் ஏற்றத்தில் நடப்பதைக் கண்டவர்களுக்கு அந்த நடை விளங்கும். நடுவிலே ஆரவாரம் யாவும் அடங்கி, ஒரு கித்தார் தனியே தேம்புகிறது. மறுபடியும் அந்தக் கனத்த அடி. முடிவை நெருங்கும்போது ஹெட்ஃபீல்ட் சில வரிகளைப் பாடாமல், வெறுங்குரலிற் சொல்கிறார். அவற்றின் முற்பகுதி பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மானிய சமயக்கவிஞர் பவுல் கெர்ஹார்ட்டின் பெயரில் வழங்கிவருவது. இறுதியில் தொடக்கத்திற் கேட்ட கித்தார் மீண்டும் வந்து தேய்ந்து மறைகிறது.

இதிலே விந்தை ஒன்றுண்டு. அவ்விசைத்தட்டு முழுவதிலும் பாஸ் கித்தாரின் ஒலி மிகவும் தாழ்த்தப்பட்டிருக்கிறது. செவியைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் அகப்படுவது அரிது. புதிதாக வந்தவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று பலர் இன்றும் அதனைக் குறைகூறுவர். அக்குறை நியாயமானதே. எனினும், பாஸ் கலைஞன் ஒருவனின் நினைவுக்கென அமைந்த இசையில் பாஸ் ஒலியே கேளாதிருக்கும்போது, உணவு வேளையிற் காலியாய்க் கிடக்கும் ஓர் இருக்கையை நாம் காண்பது போலிருக்கிறது.

நம் முன்னோர் அறிந்தது

மாண்ட தோழனுக்கு இசையால் அஞ்சலி செய்தல் மேனாட்டார் புதிதாகக் கண்டதன்று. பிரெஞ்சு இசைஞர் மோரிஸ் ராவெல் 1914க்கும் 1917க்கும் இடையில் எழுதிய ‘லெ டொம்போ தெ கூப்பரன்’ என்னும் பியானோத் தொகுதியின் பகுதிகளை, முதலாம் உலகப் போரில் மடிந்த தம் நண்பர்களுக்கு உரிமையாக்கினார். அதிலும் சொல் இல்லை.

நம் தமிழிலோ இதன் வேர் இன்னும் ஆழமானது. சாவு வீட்டில் முழங்கும் பறைக்கு நெய்தற்பறை என்றே சங்ககாலத்தார் பெயரிட்டிருந்தனர். ஒரு வீட்டில் நெய்தற்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே வேளையில் ஒலிக்கும் உலகின் இயல்பைப் புறநானூற்றிலே பக்குடுக்கை நன்கணியார் எடுத்துரைக்கிறார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்தபின் உறையூருக்கு மீண்ட பொத்தியார் என்னும் புலவர், அரசனில்லாத ஊரைக் கண்டு தம் நிலையை ஒரு யானைப்பாகனுக்கு ஒப்பிட்டார். நெடுங்காலம் சோறூட்டி வளர்த்த யானை இறந்துபோக, அது கட்டியிருந்த தறி வெறுமையாய் நிற்பதைப் பார்த்து அழும் பாகன் அவன். சுவீடன் சாலையினின்றும் வீடு திரும்பிய இளைஞர் மூவரும், பயிற்சி அறையின் மூலையில் வாசிப்பாரற்றுச் சாய்ந்திருந்த கித்தாரைக் கண்டு வேறென்ன உணர்ந்திருப்பார்கள்?

அந்த நெய்தற்பறையின் வழித்தோன்றலே மலையகத்துத் தப்பு. தமிழகத்திலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்குமாக வந்த நம் மக்கள் அதனையும் உடன் கொண்டுவந்தனர். மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பிற் காய்ச்சி விறைப்பேற்றி, ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் மறுகையில் தடித்த குட்டைக் குச்சியுமாக அடிப்பர். விடியலிற் பெரட்டுக்கு ஆள் திரட்டவும் முன்னாளில் அதுவே ஒலித்தது. காமன் கூத்துக்கும் அதுவே. மாரியம்மன் திருவிழாவுக்கும் அதுவே. மயானம் செல்லும் கடைசி வழிக்கும் அதுவே. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. தூரத்தே கொழுந்து பறிக்கும் பெண்கள், சொல்லொன்றும் கேளாமலே, அடியைக் கொண்டே சாவென்று தெரிந்து கூடையை இறக்குவர். சொல்லில்லாத ஒப்பாரி என்பது இதுவன்றோ!

பெரியவர் சொன்னது

இப்பொழுது இஸ்தோப்புக்குத் திரும்புவோம். பத்து நிமிடமும் பெரியவர் அசையாமல் கேட்டார். நடுவிலே ஓசை அடங்கிய இடத்திற் கண்களை மூடிக்கொண்டார். கனத்த அடி மீண்டும் வந்தபோது அவருடைய விரல்கள் முழங்காலின்மேல் தாமாகவே தட்டின.

நமக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. அவர் அத்தோட்டத்தில் நாற்பது ஆண்டுகளாகத் தப்படித்தவர். அவருக்கு ஒரு சோடி உண்டு. இவர் கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்வது போல இருவர் கைகளும் பேசும். அந்த நண்பர் நான்கு ஆண்டுகளுக்குமுன் காலமானார். அன்று வேறு தோட்டத்தாரை அழைத்து அடிக்கச் செய்தார்கள். இவரோ வெறுங்கையுடன் பின்னே நடந்தார். அன்றுமுதல் தப்பு சுவரிலே தொங்குகிறது. மகனும் அதை எடுக்கச் சொல்லவில்லை. தப்படிப்பவர் என்று சொல்லித் தம் குடும்பத்தைத் தாழ்வாகப் பார்த்த கண்களை அவர் சிறுவயதிலேயே கண்டவர். தம் பிள்ளை அதைத் தொடுவதை அவர் விரும்பவில்லை.

“அன்னைக்கு எனக்குக் கை எழும்பல. நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் அடிச்சேன், அவனுக்கு மட்டும் அடிக்கல” என்றார் பெரியவர். நாம் மறுமொழி சொல்ல அறியாது இருந்தோம்.

சற்றுப் பொறுத்து அவர் பேரனைக் கேட்டார்: “ஏன் தம்பி, அந்தப் பையன்கள், கூட்டாளி செத்து எவ்வளவு நாள் கழிச்சு இதை அடிச்சாங்க?”

“ரெண்டு வருஷம் தாத்தா. தட்டுலதான் ரெண்டு வருஷம். மேடையில முழுசா வாசிச்சது 2011லதான்; இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. ‘ஓரியன்’னு அவரோட இன்னொன்னு இருக்கு. அதை மேடையில முழுசா வாசிக்கவே இருபது வருஷம்.”

பையன் சொன்னது உண்மையே. ‘ஓரியன்’ முழுமையாக மேடையேறியது 2006ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜெர்மனியில். மற்றையது 2011 டிசம்பரில், குழுவின் முப்பதாம் ஆண்டு விழாவில், சான் பிரான்சிஸ்கோ நகரில்.

பெரியவர் தலையசைத்தார். “அப்ப, இன்னும் நேரம் போகல” என்றார்.

எழுந்து உள்ளே சென்றார். சுவரிலிருந்து தப்பை இறக்கிப் புறங்கையால் தூசியைத் தட்டினார். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து கிடந்தது. “தம்பி, கொஞ்சம் காய்ஞ்ச சருகும் பழைய பேப்பரும் கொண்டா. தோலைக் காய்ச்சணும்” என்றார். வாசலிலே சிறு தீ எழுந்தது. மகன் கதவருகே வந்து நின்றார், தடுக்கவில்லை. அன்றிரவு மூடுபனிக்குள்ளே தப்பு ஒலித்தது. ஓர் அடி அடித்து, மறு அடிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, பின் அடுத்த அடியை அடித்தார் அவர். அந்த வெற்றிடத்தில் யார் அடித்திருக்க வேண்டுமென்பதை லயத்தார் யாவரும் அறிவர். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரு சொல்

கிளிஃப் பேர்ட்டனின் தந்தையார் ரே பேர்ட்டன் 2020ஆம் ஆண்டில் மறையும்வரை மகனின் நண்பர்களைத் தம் பிள்ளைகள்போலவே நேசித்தார். மகனின் இசைக்குக் கிடைத்த உரிமைப் பணத்தை, அவன் படித்த பாடசாலையில் இசை பயிலும் மாணவர்க்கு உதவிப்பணமாக வழங்கிவந்தார். விபத்து நிகழ்ந்த இடத்தருகே 2006ஆம் ஆண்டில் நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது. நடுகல் நாட்டிய நம் இனத்தார்க்கு அதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் அறையிலிருந்து விளங்காத ஓசை வருமாயின், அதை நிறுத்தச் சொல்லுமுன், “இது யாருக்காக வாசித்தது?” என்று ஒருமுறை கேளுங்கள். மாணவர்களே! உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு தப்பு தொங்குமாயின், அதையும் அவ்வாறே கேளுங்கள். பறையிசையை இழிவென ஒதுக்கிய காலம் மாறிவருகிறது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஆனால் விருதுக்காகக் காத்திராமலே நாம் அதற்குச் செவிசாய்க்கலாம்.

மறுநாட் காலை நாம் புறப்பட்டபோது தப்பு மீண்டும் சுவரிலே தொங்கியது. ஆனால் அதன்மேற் தூசியில்லை. அருகிலே, புதிதாகச் சீவிய இரண்டாவது குச்சிச் சோடி ஒன்று செருகப்பட்டிருந்தது. அது பேரனுடைய கைக்கு ஏற்ற அளவாயிருந்தது.